படுத்த காடு

நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஐம்பது. காவக்காரி வீடு விளக்குமாற்று மொத்தக்காரருக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி அவ்வளவு. அதில் ஒரு காசுகூடக் குடித்தோ கூத்தடித்தோ போனதில்லை. எல்லாம் அவள் புருஷன் கையில் போன பணம். கையில் என்றால் கையில்தான். அவனுக்கு விளக்குமாறு கட்டுகிற வேலை. ஊரில் பேரும் கட்டுக்காரன். கட்டுக்கம்பியின் முனை உள்ளங்கையில் ஏறிச் சீழ் வைத்து, ஆஸ்பத்திரியில் கிழித்துத் தைத்து, தைத்ததை மறுபடி கிழித்து, கடைசியில் சுண்டுவிரலை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தனுப்பினார்கள்.

"நாலு விரலுக்கே இவ்வளவு பில்லு. அஞ்சையும் காப்பாத்தியிருந்தானுங்கன்னா வீட்டை எழுதி வாங்கியிருப்பானுங்க" என்று அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வீடு அந்தப் பேச்சில் ஏற்கெனவே இருந்தது.

பணத்தை எண்ணிக் கொடுத்தபோது மொத்தக்காரர் சொன்னது இதுதான்: "காசா எனக்கு வேணாம் தங்கச்சி. படுத்த காடு எந்திரிச்சதும் குச்சியாக் குடுத்துக் கழிச்சிடு. தவறிச்சுன்னா, அப்ப உக்காந்து வீட்டைப் பத்திப் பேசுவோம்." சொல்லும்போது முகத்தில் சிரிப்பு. கடன் கொடுக்கிறவன் சிரித்தால் வட்டி அதற்குள் இருக்கும்.

படுத்த காடு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் முப்பது வீட்டுக்கு மேல் விளக்குமாறுதான் சோறு போடுகிறது. தெருக்கூட்டும் நீண்ட குச்சி விளக்குமாறு. நகரத்துத் தெருக்கள் பாதிக்கு அங்கிருந்துதான் போகிறது. குச்சி, மேட்டுக்காட்டில் புதர் புதராக நிற்கிற ஒரு செடியிலிருந்து வருகிறது. அடியோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஆனால் தொடர்ந்து வெட்டிக்கொண்டே இருந்தால் செடி சலித்துப்போகும். குச்சி குட்டையாக, கோணலாக, கிளை விட்டு வரும். கூட்டுகிறவள் இடுப்பு ஒடியும், குப்பை நகராது. அதனால் காட்டை ஓடை வகுந்தபடி இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தை வெட்டும்போது மறு பக்கம் படுத்திருக்கும். நான்கு மழைக்கு அங்கே ஆள் கால் வைக்கக் கூடாது, ஆடு வாய் வைக்கக் கூடாது, சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது. நான்கு மழை கழித்து அது எழுந்திருக்கும்போது ஒவ்வொரு புதரும் ஆள் உயரத்துக்கு நேர் நேராகக் குச்சி நீட்டிக்கொண்டு நிற்கும். அப்போது இந்தப் பக்கத்தைப் படுக்கப்போட்டுவிட்டு அந்தப் பக்கம் போவார்கள்.

காடு அரசாங்கத்துடையது. வெட்டுகிற பக்கத்துக்கு வனக்காவலரிடம் வருஷா வருஷம் பணம் கட்டிச் சீட்டு வாங்குவார்கள். படுத்த பக்கத்துக்குச் சீட்டு கிடையாது. வெட்டாத குச்சிக்கு எவன் சீட்டு போடுவான்?

படுத்த காட்டுக்கு ஒரு காவல் வேண்டும். இந்தத் தடவை எல்லோரும் சேர்ந்து கட்டுக்காரன் பெண்டாட்டியைப் பிடித்துப் போட்டார்கள்; காவக்காரி என்ற பேர் அப்படி வந்ததுதான். ஓடைக்கு முன்னால் கடைசி வீடு இவளுடையது என்பது ஒரு காரணம். இவள் வாய் இன்னொரு காரணம். காவலுக்குக் கூலி இல்லை. கெட்ட பேர் மட்டும் உண்டு. அதையும் அவள் குறையில்லாமல் சம்பாதித்தாள். ஓடையைத் தாண்டுகிற இடத்தில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தாள். ஒருநாள் சொந்த நாத்தனாரே ஒரு சின்னக் கட்டோடு முள்ளுக்கு இந்தப் பக்கம் வந்து மாட்டினாள்.

"நாலு குச்சி அண்ணி. வீட்டுக் கூரைக்கு."

"நாலு குச்சியா எடுத்தாதான் நானூறா போகும். கீழ போடு."

"உங்க புருஷன் கூடப் பொறந்தவ நான்."

"செடிக்கு அது தெரியாது. போடு கீழ."

கட்டைப் பிடுங்கி ஓடையில் எறிந்தாள். தெருவே பார்த்தது. நாத்தனார் அன்றைக்கு மூஞ்சியைத் திருப்பியவள்தான், அப்புறம் இவள் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. கட்டுக்காரன் தங்கைக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து விளக்குமாறு கட்டிக்கொண்டிருந்தான். ஒரு பக்கமும் பேசாமலிருக்க அவனுக்கு அந்த வேலை வசதியாக இருந்தது.

அப்படியிருந்தபோதுதான், காட்டுக்கு மேலாகப் பெரிய மின்கம்பி ஒன்று போகப்போகிறது என்று பேச்சு வந்தது. பேச்சுக்குப் பின்னால் ஒரு ஜீப் வந்தது. ஜீப்பிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். சுற்றுச்சூழல் ஆய்வு என்று சொன்னாள். வெயிலில் முகம் வெந்திருந்தது. கழுத்தில் கேமரா, கையில் வரைபடம். காவக்காரி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அந்தப் பெண் இரண்டு சொம்பு குடித்தாள்.

"அக்கா, ஓடைக்கு அந்தப் பக்கம் யாராவது போவாங்களா?"

"அந்தப் பக்கமா? ஈ காக்கா போகாது."

"விறகு எடுக்க? ஆடு மேய்க்க?"

"ஆடு போச்சுன்னா ஆட்டுக்காரனுக்குக் காலு இருக்காது. மூணு மழையா மனுசன் காலு படலம்மா அங்க. வேணும்னா போய்ப் பாரு, ஒரு ஒத்தையடிப் பாதை தெரியுதான்னு. தெரிஞ்சா என் பேரை மாத்தி வெச்சுக்கறேன்."

"நீங்க சொன்னதை எழுதிக்கலாமா?"

"எழுதிக்கோ. நல்லாப் பெருசா எழுது."

"ஒரு போட்டோ?"

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு காட்டைப் பின்னால் வைத்து நின்றாள். சிரித்தும் வைத்தாள். வெளியே ஜீப்காரன் ஹாரன் அடித்தான். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ஏன் போகமாட்டார்கள் என்று அவள் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. காட்டைப் பற்றி எழுத வந்தவளுக்குக் காடு படுக்கும் என்பது தெரியாமலா இருக்கும்? நெல்லைப் பற்றி எழுத வந்தவனிடம் போய், அது தண்ணீரில் வளரும் என்று யாராவது சொல்வார்களா? இவள் சொன்னது வேறு: எங்கள் காவல் எப்படிப்பட்ட காவல், பார். அதைத்தான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்.

மின்கம்பிக்கு ஊர்க் கருத்துக் கேட்கிற விசாரணைக் கூட்டம் சந்தைக் கூடத்தில் நடந்தது. தகரக் கூரை. மின்விசிறிகள் மேடைக்கு நேராக மட்டும் சுற்றின. தண்ணீர் பாட்டிலும் மேடைக்கு மட்டும். ஊர்க்காரர்கள் விசாரணை என்றதும் யாரையோ விசாரிக்கப்போகிறார்கள் என்று வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மேடையில் விரித்துக் கட்டிய வெள்ளைத்துணியில் வரைபடம் விழுந்தது. ஓடைக்கு அந்தப்பக்கத்தை நீளவாட்டில் அறுத்துக்கொண்டு ஒரு சிவப்புக்கோடு. அதன் இரண்டு பக்கமும் அகலமாக மஞ்சள் பூசியிருந்தது. மஞ்சளில் இருக்கிறதெல்லாம் வெட்டப்படும், அப்புறம் அங்கே எதுவும் வளர விடமாட்டார்கள், கம்பிவேலி போடுவார்கள் என்று மின்கம்பிக் கம்பெனியின் ஆள் சொன்னார். மஞ்சள், படுத்த காட்டை முக்காலும் மூடியிருந்தது.

கூட்டம் நடத்த வந்த அதிகாரி ஆய்வு அறிக்கையை ஒலிபெருக்கியில் படித்தார். பறவை எத்தனை, பாம்பு எத்தனை என்றெல்லாம் படித்துவிட்டு மனிதருக்கு வந்தார்.

"மின்பாதை செல்லும் வனநிலம் மக்கள் பயன்பாட்டில் இல்லை. வெட்டிய தடயமோ பாதையோ காணப்படவில்லை. இந்நிலத்துக்கு வெட்டும் சீட்டு எதுவும் வழங்கப்பட்டிருக்கவில்லை. உள்ளூர்ப் பெண் ஒருவரின் வாக்குமூலமும் இதை உறுதிசெய்கிறது: 'மூன்று மழைக்காலமாக மனிதர் கால் படவில்லை. ஒற்றையடிப் பாதைகூட இல்லை.' ஆகவே, வாழ்வாதாரப் பாதிப்பு இல்லை. இழப்பீடு பொருந்தாது."

வெள்ளைத்துணியில் காவக்காரி வந்து நின்றாள். ஆள் உயரத்துக்கு மேல், முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சிரித்தபடி.

கூடமே திரும்பி அவளைப் பார்த்தது. பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "தவளை தன் வாயால கெடும்பாங்க. இங்க ஒரு தவளை ஊரையே சேத்துக் கெடுத்திருக்கு."

காவக்காரி எழுந்தாள். மைக்கைக் கொடுத்துக்கொண்டிருந்த பையன் பேரைக் கேட்டான். அவள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஐயா, அந்தப் படத்துல பல்லைக் காட்டிட்டு நிக்கிறது நான்தான்."

"நல்லது. நீங்க சொன்னது சரியாப் பதிவாகியிருக்கா?"

"வார்த்தை என்னோடது. அதை வெச்சு நீங்க கட்டின வீடு என்னோடது இல்ல. அது படுத்திருக்கிற காடுய்யா. செத்த காடு இல்ல. ராத்திரி நீங்க கட்டில்ல படுத்துத் தூங்குறீங்க. ஒருத்தன் உள்ள வந்து, இந்தாளு அசையல, யாருக்கும் உபயோகமில்ல, தூக்குங்கடான்னா சும்மா இருப்பீங்களா?"

கூடம் சிரித்தது. அதிகாரியும் கொஞ்சம் சிரித்தார். நல்ல மனுஷன்தான், அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"அம்மா, உதாரணம் வேணாம். ஆதாரம் வேணும். ஒரு நிலத்தை மக்கள் பயன்படுத்தினா அடையாளம் இருக்கும். வெட்டின அடி இருக்கும். நடந்த தடம் இருக்கும். சுமை இறக்கின இடம் இருக்கும். இங்க ஒண்ணுமே இல்லையே."

"இல்லாம இருக்கத்தானேய்யா நாங்க காவல் இருந்தோம்!"

கம்பெனி ஆள் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே குறுக்கே வந்தார். "உங்க வீட்டுக்கும் கரண்டு வேணும்லம்மா?"

"எங்க வீட்டுல கரண்டு இருக்கு. வரும், போகும், புருஷன் வீட்டுக்கும் பொறந்த வீட்டுக்கும் அலையுற மருமக மாதிரி. இந்தக் கம்பி அதுக்கில்ல. இது எங்க தலைக்கு மேல ஏறி யாரு வீட்டுக்கோ போற கம்பி. எங்களுக்கு இறங்காது. நீங்களே சொல்லுங்க, இறங்குமா?"

அவர் தண்ணீர் குடித்தார்.

"உங்க ஆட்சேபணையை எழுதிக்கிட்டோம்" என்றார் அதிகாரி. "மறுபார்வைக்கு ஆள் வருவாங்க. அன்னைக்குப் பயன்பாடு கண்ணுக்குத் தெரிஞ்சா அறிக்கையைத் திருத்துவாங்க. என் அதிகாரம் அவ்வளவுதான்."

அவள் வீட்டுக்கு வந்து சேரும் முன்னாலேயே மொத்தக்காரர் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். கட்டுக்காரன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தான்.

"தங்கச்சி, நான் கெட்டவன் இல்ல."

"யாரும்தான் இல்ல. சொல்லுங்க அண்ணே."

"காட்டை நம்பித்தான் குடுத்தேன். காட்டுல கம்பி போகுதுங்கறாங்க. ஒரு பேச்சுக்கு வீட்டுப் பத்திரத்தை என்கிட்ட குடுத்து வெச்சா எனக்கும் தூக்கம் வரும்."

"உங்களுக்குத் தூக்கம் வர எங்க கூரையைப் பிடுங்கணுமா? குச்சி வரும். போங்க."

அவர் போனபின் கட்டுக்காரன் வேலையில் உட்கார்ந்தான். குச்சியைத் தொடையில் அடித்துச் சமமாக்கி, கட்டின் கழுத்தில் கம்பியைச் சுற்றி, இடுக்கியால் முறுக்கினான். சுண்டுவிரல் இல்லாத கைக்குக் குச்சி பிடிபடாமல் ஓரத்தில் நழுவியது. நழுவுகிறதைத் தாடையால் அணைத்துக்கொண்டான்.

"வெட்டிடலாம்" என்றான்.

"இன்னும் ஒரு மழை இருக்கு. நுனி பச்சை. இப்ப வெட்டினா குச்சியும் நிக்காது, அடியும் நிக்காது. வேரு இன்னும் தேறல."

"மழை வர்றப்போ காடு இருக்கணும்ல. அடையாளம் கேட்டான். காட்டுவோம்."

"நான் காவல்."

"யாரு இல்லேன்னா? யானை வாய்ல போன கரும்புக்கு நீ காவல் இருந்துக்கிட்டே இரு."

அவள் கையிலிருந்த டம்ளரைச் சுவரில் வீசினாள். அது நெளிந்து உருண்டது. அவன் எழுந்து அதை எடுத்து, நெளிவை விரலால் அமுக்கிப் பார்த்து, அலமாரியில் வைத்தான்.

மறுநாள் விளக்குமாற்று வீடுகளெல்லாம் அவள் வாசலில் கூடின. ஆளாளுக்குப் பேசினார்கள். மனு கொடுக்கலாம் என்றார்கள். மனு கொடுத்துக் கொடுத்துத்தான் ரோடு வந்தது, ரோடு வந்துதான் ஜீப் வந்தது என்றான் ஒருவன். வெட்டுகிற பக்கமும் சலித்துவிட்டது, அதைப் படுக்கப்போட்டே ஆகவேண்டும், இரண்டு பக்கமும் இல்லையென்றால் வாயில் எதைப் போடுவது என்று ஒரு பெண் கேட்டாள். வனக்காவலர், கேட்டால் படுத்த பக்கத்துக்கும் இப்போதே சீட்டு தருகிறேன் என்று சொல்லிவிட்டிருந்தார். எப்படியும் போகிற காடு, அவருக்கென்ன.

கடைசியில் நாத்தனார் வாயைத் திறந்தாள். "அண்ணி சொல்லாம எவளும் முள்ளைத் தாண்ட மாட்டா. என் கட்டையே ஓடையில வீசினவங்க. அவங்களே சொல்லட்டும்."

எல்லோரும் காத்திருந்தார்கள். இவள் உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று சிலர் நினைத்தார்கள். அரிவாளோடு வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், நேராக ஓடைக்கு இறங்கினாள். அடைத்திருந்த முள்ளைக் கையாலேயே இழுத்துப் புரட்டினாள். முழங்கை கிழிந்து ரத்தம் வடிந்தது.

"வாங்கடி" என்றாள். "வேலி மேயுது. பயிரைப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க."

உள்ளே நுழைந்தவர்களுக்குக் கொஞ்ச நேரம் கை வரவில்லை. அவர்களே பார்த்து மூன்று மழை ஆன இடம். புதர்கள் ஒன்றோடொன்று தோள் உரசி நின்றன. குச்சிகள் சீவிவிட்டதுபோல நேராக. உள்ளே காற்று குளிர்ந்திருந்தது. ஏதோ ஒரு பறவை இவர்களைக் கண்டு பயப்படாமல் தரையிலேயே நடந்துகொண்டிருந்தது; மனுஷனைப் பார்த்திராத குஞ்சு போலிருக்கிறது. கட்டுக்காரன் ஒரு குச்சியை வளைத்துப் பார்த்தான். வில்லாக வளைந்து, விட்டதும் நின்றது. நுனி மட்டும் துவண்டது.

"ஒரு மழை. ஒரே ஒரு மழை" என்றான்.

"வெட்டுங்க. அப்புறம் ஒப்பாரி வெக்கலாம்" என்றாள் அவள்.

வெட்ட ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. புதரை இடது கையால் அணைத்துப் பிடித்து, குனிந்து, அடியில் சாய்வாக ஒரே இழுப்பு. பால் பிசுபிசுத்துக் கையில் ஒட்டியது. எறும்பு சேலைக்குள் ஏறியது. வெயில் ஏற ஏறக் குளிர்ச்சி போய், வெட்டிய இடத்திலிருந்து புழுதி கிளம்பியது. மத்தியானம் அவித்த கிழங்கும் உப்பும் தின்றார்கள். உட்கார நிழல் காணாமல் ஓடைக்குத் திரும்பிப்போய்த் தின்றார்கள். காலையில் நிழலாக இருந்த இடத்தை அவர்களே வெட்டிவிட்டிருந்தார்கள்.

நாத்தனார் பக்கத்துப் புதருக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு பேரும் குனிந்தபடியே இருந்தார்கள்.

"அன்னிக்கு நாலு குச்சிக்கு என்னைத் திருடியாக்கினீங்க அண்ணி."

"இன்னிக்கும் திருட்டுதான். நம்ம வீட்டுல நாமே கன்னம் வெக்கிறோம்."

"பங்கு சரியாக் குடுத்துடணும் சொல்லிட்டேன்."

"உன் அண்ணன்கிட்ட கேளு. அவருக்கு விரல் விட்டு எண்ணத் தெரியும், ஒண்ணு குறையும்."

நாத்தனார் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், புதரைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிக்கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவள் பார்க்காததுபோல அடுத்த புதருக்கு நகர்ந்தாள்.

வெட்டு முடிந்தபிறகும் கட்டுக்காரனுக்கு ஆறவில்லை. "தடம் வேணும்னான்ல? மிதிங்க" என்றான். வேலை முடிந்த ஆட்களை வரிசையாக நிறுத்தி, ஓடையிலிருந்து உச்சிவரை ஏறி இறங்கச் சொன்னான். தலையில் சுமையில்லாமல், கையை வீசிக்கொண்டு, போவதும் வருவதுமாக முப்பது வீட்டு ஆட்களும் நடந்தார்கள். முதலில் கேலியாகத்தான் இருந்தது. ஒருத்தி கல்யாண ஊர்வலம் போல இடுப்பை ஆட்டி நடந்து காட்டினாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. காலை ஓங்கி ஓங்கி வைத்தார்கள். துளிர்விட்டிருந்த சின்னச் செடிகள் நசுங்கி மண்ணோடு ஒட்டின. சாயங்காலத்துக்குள் பல காலத்துப் பாதைபோல ஒரு வெள்ளைத்தடம் மேட்டில் விழுந்திருந்தது. பார்க்கப் பாம்புச் சட்டை கிடப்பது மாதிரி இருந்தது.

மறுபார்வைக்கு, முன்பு ஜீப்பில் வந்த அதே பெண் வந்தாள். கூடத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். ஓடைக்கரையில் நின்று அந்தப் பெண் மேட்டைப் பார்த்தாள். மொட்டை மேடு. சாய்வாக வெட்டிய அடிகள் வெயிலில் பல்லைப்போலத் தெரிந்தன.

"அக்கா, என்னாச்சு இங்க?"

"பயன்பாடு ஆச்சு" என்றாள் காவக்காரி. "தெரியுதா கண்ணுக்கு? வெட்டின அடி இருக்கு. தடம் இருக்கு. சுமை இறக்கின இடம் அதோ. சீட்டும் இருக்கு. எழுதிக்கோ. நல்லாப் பெருசா எழுது."

தொப்பிக்காரர் தடத்தில் கொஞ்ச தூரம் ஏறினார். குனிந்து ஒரு அடியைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு கைப்பேசியை வாயருகே வைத்துக்கொண்டு, யாருக்கோ சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசினார்: "உள்ளூர்ப் பயன்பாடு உண்டு. அளவுக்கு மீறியது. தாவரப் போர்வை பெரும்பாலும் அழிந்துள்ளது. சீரழிந்த நிலம். மின்பாதையால் கூடுதல் பாதிப்பு ஏதுமில்லை."

அவளுக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை.

"ஐயா. சீரழிஞ்சதா?"

"ஆமாம்மா. பாக்குறீங்கல்ல."

"அடையாளம் இருந்தா மாத்தி எழுதறோம்னு மேடையில சொன்னாங்க."

"மாத்தித்தானே சொல்றேன். பயன்பாடு உண்டுன்னு வந்துடும்."

"அப்ப இழப்பீடு?"

"இழக்குறதுக்கு இங்க ஏதாவது நின்னாத்தானேம்மா? எல்லாத்தையும் நீங்களே வெட்டிட்டீங்க."

"மறுபடி துளிர்க்கும்."

"துளிர்க்கலாம். நான் இன்னிக்கு இருக்கிறதைத்தான் எழுத முடியும்."

அவள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. நீ பாத்தேல்ல, எப்படி இருந்துச்சுன்னு. அன்னிக்கு நல்ல காடு, அதனால எங்களோடது இல்ல. இன்னிக்கு எங்களோடது, அதனால நல்ல காடு இல்ல. எப்படி இருந்தா நீங்க விடுவீங்க? அதை மட்டும் சொல்லு, அப்படியே வெச்சுட்டுப் போறோம்."

அந்தப் பெண் வரைபடத்தைச் சுருட்டினாள், பிரித்தாள். "நான் அன்னிக்கே ஏன்னு கேட்டிருக்கணும்க்கா."

"ஆமா. கேட்டிருக்கணும். நானும் சொல்லியிருக்கணும். உன் தப்பும் என் தப்பும் ஒரே எடைதான். எனக்கு வீடு போகுது. உனக்கு?"

பெரியவர், நேரமாச்சு என்றார். போகிற வழியில் ஜீப்காரன் இறங்கி, மின்கோபுரம் வரவேண்டிய இடங்களில் சிவப்புத்துணி கட்டிய முளைகளை அடித்துக்கொண்டே போனான். கம்பி ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வருகிற இடத்தில், கடைசி முளையைக் காவக்காரி வீட்டுக் கொல்லையை ஒட்டி அடித்தான். அவன் போனபின் கட்டுக்காரன் அதைப் பிடுங்கி எறிந்தான். மறுநாள் வந்து மறுபடி அடித்துவிட்டுப் போனார்கள். இந்தத் தடவை சிமெண்ட் போட்டு.

குச்சியைக் காயவைத்து, கட்டி, அடுக்கி முடித்தபோது மொத்தக்காரர் லாரியோடு வந்தார். ஒவ்வொரு கட்டையும் தரையில் குத்திப் பார்த்தார். நுனி மடங்கினதைத் தனியாகப் போடச் சொன்னார். தனியாகப் போட்ட குவியல் வளர்ந்துகொண்டே போனது.

"பச்சையிலேயே அறுத்துட்டீங்க தங்கச்சி. ரெண்டு தெரு கூட்டினா மொட்டையாயிடும். இதுக்குப் பாதி விலைதான்."

"போடுங்க."

காவக்காரி பங்குக்கு வந்ததையெல்லாம் லாரியில் ஏற்றினார்கள். நாத்தனாரும் ஒரு கை கொடுத்தாள். கணக்குப் போட்டபோது பாக்கியில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கழிந்திருந்தது. மொத்தக்காரர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைக் கன்னத்தில் தட்டினார். அவள் உள்ளே போய் வீட்டுப் பத்திரத்தை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். கட்டுக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இந்தாங்க. பேசுவோம்னீங்கல்ல. பேசுங்க."

அவர் பத்திரத்தைத் தொடவில்லை. கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார். சிமெண்டில் நிற்கிற முளையையும் அதில் ஆடுகிற சிவப்புத்துணியையும் பார்த்துவிட்டு, பத்திரத்தை இரண்டு விரலால் அவள் பக்கமே நகர்த்தினார்.

"வெச்சுக்கோ தங்கச்சி. மீதியை நான் தள்ளிட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? கஷ்டப்பட்டுட்டீங்க. விடு."

"போன மாசமும் கஷ்டம்தான் பட்டோம். அப்ப பத்திரம் கேட்டீங்க. இப்ப எதுக்குத் தள்றீங்கன்னு கேக்கறேன்."

அவர் கட்டுக்காரனைப் பார்த்தார். அவன் கைகொடுக்கவில்லை. பெருமூச்சு விட்டார்.

"உள்ளதைச் சொல்லிடறேன். இனிமே உங்ககிட்ட குச்சி வராது. வீட்டை எடுத்துக்கலாம்னா, தலைக்கு மேல கம்பி போற வீடு. சும்மா குடுத்தாலும் எவனும் வர மாட்டான். வராததுக்கு நோட்டுல ஒரு பக்கத்தை எதுக்கு வெச்சுக்கிட்டு? அடிச்சிடறேன்."

"இந்தப் பேனாவை யாரு குடுத்தா உங்களுக்கு? அந்தத் தொப்பிக்காரரா?"

"எந்தத் தொப்பிக்காரர்?"

"ஒண்ணுமே இல்லாமப் பண்ணிட்டு, ஒண்ணுமில்லையேன்னு எழுதிட்டுப் போறவரு."

"என்ன தங்கச்சி இப்படிப் பேசறே? நல்லதுக்குத்தானே செய்யறேன். ஒருத்தனும் செய்ய மாட்டான் இந்தக் காலத்துல."

நாத்தனார், "விடுங்க அண்ணி, கடன் போச்சேன்னு விடுங்க" என்று கையைப் பிடித்தாள். காவக்காரி கையை உதறினாள். லாரிக்காரன் என்ஜினைப் போட்டுவிட்டுக் காத்திருந்தான்.

"எல்லாரும் நல்லதுக்குத்தான் அண்ணே செய்யறாங்க. மேடையில இருந்தவரும் நல்லவரு. தண்ணி வாங்கிக் குடிச்சவளும் நல்லவ. நீங்களும் நல்லவரு. கெட்டவ நான் ஒருத்திதான், மூணு மழையா ஒருத்தரையும் உள்ள விடாதவ" என்றாள். பிறகு நோட்டைச் சுட்டினாள். "அடிங்க. என் கண்ணு முன்னாடி அடிங்க. நான் பாக்கணும்."

மொத்தக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல், பக்கத்தின் மேல்மூலையிலிருந்து கீழ்மூலைவரைக்கும் கோடு இழுத்து அடித்தார்.